ஏ.ஜே. அப்பாசாமியின் பக்தி இறையியலும் இயேசுவின் போதனையும்

ஏ.ஜே. அப்பாசாமி (அய்யாதுரை யேசுதாசன் அப்பாசாமி, 1891–1975) தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர் திருமண்டலத்தின் முதல் பேராயர். இந்தியக் கிறிஸ்தவ இறையியலைத் தமிழ்ப் பக்தி மரபின் துணையுடன் எழுத முயன்றவர்களில் முதன்மையானவர். பாளையங்கோட்டையில் பிறந்தார். சைவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த தந்தையின் மகன். ஹார்வர்டிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்றார். யோவான் நற்செய்தியின் அனுபூதியை இந்து பக்தி இலக்கியத்துடன் ஒப்பிட்டு 1922-ல் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்விலிருந்து உருவான 'பக்தி மார்க்கமாகக் கிறிஸ்தவம்' (1927) என்ற ஆங்கில நூல்தான் அவரது பெயரை நிலைநிறுத்தியது. 'மோட்சம் என்பது என்ன?' (1931), 'நற்செய்தியும் இந்திய மரபும்' (1942) ஆகியவை அதன் தொடர்ச்சி.

அப்பாசாமியைப் பற்றிய பெரும்பாலான கட்டுரைகள் அவரைக் கிறிஸ்தவத்தை இந்திய மயமாக்கியவர் என்று பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பாராட்டு சரியானது, ஆனால் போதாது. எந்தக் கிறிஸ்தவத்தை அவர் இந்திய மயமாக்கினார் என்ற கேள்வி அதற்கு முன்னால் நிற்கிறது. நாசரேத்து இயேசு கலிலேயாவின் கிராமங்களில் சொன்னதையா, அவர் மறைந்து இரண்டு தலைமுறைகளுக்குப் பிறகு ஒரு சபை அவரைப் பற்றிச் சிந்தித்து எழுதியதையா? அப்பாசாமி தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. அந்தத் தேர்வால் கிடைத்ததும் பெரிது, கைநழுவியதும் பெரிது.

போதகரும் பிரமாணமும்

ஆலயங்களில் ஞாயிறுதோறும் சொல்லப்படும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைக் கூர்ந்து கேட்டால் ஓர் இடைவெளி தெரியும். இயேசு கன்னி மரியாளிடம் பிறந்தார் என்று சொல்லி முடித்ததும் அடுத்த அடி பொந்தியு பிலாத்துவின் காலத்தில் அவர் பட்ட பாடுகளுக்குப் போய்விடுகிறது. பிறப்புக்கும் பாடுகளுக்கும் நடுவே இருந்த வாழ்க்கை, அதில் அவர் பேசிய பேச்சு, சொன்ன கதைகள், உடன் உண்ட மனிதர்கள் எவரும் அதில் இல்லை. 325-ல் கூடிய நைசியா சங்கம் மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று வரையறுத்தது. 451-ல் கால்செதோன் சங்கம் ஒரே ஆளில் இரு இயல்புகள் என்று வரையறுத்தது. இவற்றிலும் போதனைக்கு இடம் இல்லை. இயேசு என்ன சொன்னார் என்பதைவிட இயேசு யார் என்பதே அச்சங்களின் கவலையாக இருந்தது.

இந்தத் திருப்பம் சங்கங்களின் காலத்தில் தொடங்கியதல்ல. புதிய ஏற்பாட்டில் காலத்தால் முந்தியவை பவுலின் கடிதங்கள். ஏறத்தாழ 50-க்கும் 60-க்கும் இடையே எழுதப்பட்டவை. அவற்றில் இயேசுவின் சொற்கள் மிகக் குறைவாகவே வருகின்றன. மணவிலக்கு பற்றி ஓர் இடம், நற்செய்தி சொல்வோரின் பிழைப்பு பற்றி ஓர் இடம், இறுதி இராவுணவு பற்றி ஓர் இடம் என்று எண்ணிவிடலாம். பவுலுக்குச் சிலுவையும் உயிர்த்தெழுதலுமே எல்லாம். மாற்கு ஏறத்தாழ 70-ஐ ஒட்டியும், மத்தேயுவும் லூக்காவும் அதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும், யோவான் முதல் நூற்றாண்டின் இறுதியிலும் எழுதப்பட்டதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். போதகராகிய இயேசுவைத் தேடுபவர் முதல் மூன்று நற்செய்திகளுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே அவரது பேச்சின் மையம் தேவனுடைய ராஜ்யம். விதைக்கிறவன், திராட்சைத் தோட்டக் கூலியாட்கள், ஊதாரி மகன் என்று அது கதைகளாக விரிகிறது.

யோவானில் இந்தக் கதைகள் எதுவும் இல்லை. தேவனுடைய ராஜ்யம் என்ற சொல் நிக்கொதேமுவோடு நடக்கும் ஒரே உரையாடலில் இருமுறை வந்து மறைகிறது. அதன் இடத்தை நித்திய ஜீவன் எடுத்துக்கொள்கிறது. இயேசு தம்மைப் பற்றியே நீண்ட உரைகள் ஆற்றுகிறார். தாமே ஒளி, தாமே வழி, தாமே அப்பம் என்கிறார். கலிலேயக் கூலியாளிடம் பேசும் குரலும் இதுவும் ஒன்றல்ல என்பதைச் சாதாரண வாசகரும் உணர முடியும்.

யோவான் ஏன்?

அப்பாசாமிக்கு இது தெரியாது என்று சொல்ல வழியில்லை. சாது சுந்தர் சிங்கைப் பற்றி 1921-ல் வெளிவந்த 'சாது' என்ற நூலை அவரோடு சேர்ந்து எழுதியவர் பி.எச். ஸ்ட்ரீட்டர். 1924-ல் நான்கு நற்செய்திகளின் மூலங்களை ஆராய்ந்து, மாற்குவே முந்தியது என்பதை ஆங்கில உலகில் உறுதிப்படுத்தியவர் இதே ஸ்ட்ரீட்டர்தான். நற்செய்தி ஆய்வின் நடுக்கூடத்தில் இருந்துகொண்டே அப்பாசாமி யோவானைத் தேர்ந்தெடுத்தார். அறியாமல் செய்ததல்ல.

காரணம் அவரது அளவுகோலில் இருக்கிறது. மறைநூல், யுக்தி, அனுபவம் என்று இந்தியத் தத்துவ மரபின் பிரமாணங்களை ஒட்டி அவர் இறையியலின் ஆதாரங்களை வகுத்தார். பின்னர் அவற்றோடு சபையையும் சேர்த்துக்கொண்டார். இவற்றுள் அவரது நூல்களை நடத்திச் செல்வது அனுபவம். யோவானில் அவர் கண்டது இயேசுவை உள்ளுக்குள் அறிந்த ஒருவரின் அனுபவத்தை. மாணிக்கவாசகரிடமும் தாயுமானவரிடமும் கேட்ட உருக்கத்தின் குரலை அங்கே மீண்டும் கேட்டார். 1930-ல் வெளிவந்த 'கோயில் மணிகள்' என்ற தொகுப்பில் இந்து சமய இலக்கியப் பகுதிகளைக் கிறிஸ்தவ வாசகர்களின் தியானத்துக்காகத் திரட்டித் தந்தவர் அவர். பக்தி அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த வெறும் ஆய்வுப் பொருள் அன்று. வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

தூய வரலாற்று இயேசு, கலப்படமான சபைக் கோட்பாடு என்று இரண்டாகப் பிரிப்பவர்களுக்கு அப்பாசாமியின் நிலை ஒரு நல்ல மறுமொழி. ராஜா ராம்மோகன் ராய் 1820-ல் இயேசுவின் நீதிமொழிகளை மட்டும் பிரித்தெடுத்து வெளியிட்டபோது அற்புதங்களையும் கோட்பாடுகளையும் விலக்கினார். செராம்பூர் மிஷனரி ஜோஷ்வா மார்ஷ்மன் அதை எதிர்த்துப் பெரும் வாதம் செய்தார். ராய் கண்ட இயேசுவும் ஒரு தேர்வுதான். அறிவொளிக் கால அறவியலாளர் ஒருவர் தமக்கு உகந்ததை எடுத்துக்கொண்டதுதான். மாற்குவும் மத்தேயுவும்கூட நடந்ததை நடந்தபடியே குறித்த கணக்கர்கள் அல்லர், அவர்களும் நம்பிக்கையோடு எழுதியவர்களே. ஆகவே பிற்காலத்தது என்ற ஒரே காரணத்துக்காக யோவானை ஒதுக்க வேண்டியதில்லை. இந்த அளவில் அப்பாசாமி சரி.

ஒன்றாதல் என்றால் என்ன

அப்பாசாமியின் வாசிப்பில் மிகச் சிறந்த பகுதி, இயேசு தம்மையும் தந்தையையும் ஒன்று எனச் சொல்லும் இடத்துக்கு (யோவான் 10:30) அவர் தரும் விளக்கம். அத்வைதச் சார்புடையவர்கள் அதை ஒரு மகாவாக்கியம்போலப் படிக்க விரும்பினார்கள். ஜீவனும் பிரம்மமும் வேறல்ல என்று இயேசுவும் கண்டுகொண்டார் என்பது அவர்கள் முடிவு. நைசியாவின் மரபிலிருந்து வருபவர் அதே வரியில் பொருளின் ஒருமையைக் காண்பார். அப்பாசாமி இரண்டையும் ஏற்கவில்லை. அதே நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் இயேசு, தாமும் தந்தையும் ஒன்றாக இருப்பதுபோலச் சீடர்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறார். சீடர்களின் ஒருமை பொருளின் ஒருமையாக இருக்க முடியாது. எனவே முன்னதும் அன்பிலும் சித்தத்திலும் செயலிலும் உள்ள ஒருமை. தந்தை தம்மைவிடப் பெரியவர் என்றும், தம்மால் தாமாகவே ஒன்றும் செய்ய இயலாது என்றும் இயேசு கூறும் இடங்களை அவர் இதற்குத் துணையாகக் கொள்கிறார்.

ஒரு நூலை அந்த நூலைக் கொண்டே விளக்கும் உரையாசிரியர் முறை இது. இங்கே அப்பாசாமி சங்கங்களின் கிரேக்க மொழியைத் தாண்டி மனிதராகிய இயேசுவின் பக்கத்துக்கு வந்துவிடுகிறார். தந்தையைச் சார்ந்து வாழ்ந்த, ஜெபித்த, கீழ்ப்படிந்த ஒருவர் தெரிகிறார். பக்தனின் வடிவம்தான் அது. அத்வைதத்தை மறுக்க அவருக்கு ஐரோப்பிய வாதம் தேவைப்படவில்லை. இராமானுஜர் போதுமானவராக இருந்தார். ஒவ்வொரு மனிதரையும் ஒளிர்விக்கும் வார்த்தை என்ற யோவானின் தொடக்கத்தை அந்தர்யாமி என்ற சொல்லால் விளக்கினார். உலகம் இறைவனின் உடல் என்ற விசிஷ்டாத்வைதக் கருத்தைத் திருவிருந்துக்கும் சபைக்கும் விரித்தார். நைசியாவின் 'பொருள்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ளப் பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் படிக்க வேண்டியிருந்த தமிழ் இறையியல் மாணவருக்கு இது பெரிய விடுதலை.

மகனின் இறைமையை இது குறைத்துவிடுகிறது என்ற குற்றச்சாட்டு அவர்மீது எழுந்தது. அது கோட்பாட்டாளர்களின் கவலை. இங்கே முக்கியமான குறை வேறிடத்தில் இருக்கிறது.

அன்பின் எல்லை

பகைவரை நேசிக்கச் சொல்லும் கட்டளை யோவான் நற்செய்தியில் இல்லை. மத்தேயுவிலும் லூக்காவிலும் இயேசுவின் போதனையில் மிகக் கடினமான சொல் அதுதான். பிற சமயத்தவரான காந்தியையும் மலைப்பிரசங்கத்தின்பால் ஈர்த்த சொல்லும் அதுவே. யோவானில் கட்டளை சீடர்கள் ஒருவரையொருவர் நேசிப்பதாகச் சுருங்குகிறது. வெளியிலிருந்து வந்த நெருக்கடியில், ஜெப ஆலயத்திலிருந்து பிரிந்துகொண்டிருந்த ஒரு சிறு சமூகத்தின் மொழி அது. அந்தச் சமூகத்துக்கு அப்படிப் பேச நியாயம் இருந்திருக்கும். ஆனால் அதையே போதனையின் சாரமாக எடுத்துக்கொள்ளும்போது அன்பு உறவினருக்குள் ஓடும் நீராகிவிடுகிறது.

ஏழை, பணக்காரன் என்ற பேச்சும் அப்படியே. ஐசுவரியவானும் லாசருவும் லூக்காவில் உண்டு, யோவானில் இல்லை. நாளின் கடைசி மணியில் வந்த கூலியாளுக்கும் முழு நாள் கூலி கொடுத்த தோட்டக்காரர் மத்தேயுவில் மட்டும் உண்டு. கர்த்தருடைய ஜெபம் யோவானில் இல்லை. மத்தேயுவில் அந்த ஜெபம் கடன் மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறது. இயேசுவைக் கேட்டுக்கொண்டிருந்த உழவர்களுக்குக் கடன் வெறும் உருவகம் இல்லை.

யோவானிலும் வேறு வாசல்கள் திறந்தே இருந்தன. சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கிறார். ஒரு யூதர் தன்னிடம் எப்படித் தண்ணீர் கேட்கலாம் என்று அவளே வியக்கிறாள். கிணறுகள் சாதிவாரியாகப் பிரிந்திருந்த தமிழ்நாட்டில் இந்தக் காட்சிக்கு உரையே வேண்டியதில்லை. கடைசி இரவில் இயேசு வேலைக்காரன்போலச் சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். அப்பாசாமியின் வாசிப்பு மையம் கொள்வது இவற்றில் அன்று, கொடியில் நிலைத்திருக்கும் கிளையில், உள்ளத்தில் வாசம்பண்ணும் கிறிஸ்துவில். ஆகவே குறையை யோவான்மீது மட்டும் போட முடியாது. யோவானைப் பக்தியின் கண்ணாடி வழியாகப் படித்தபோது கிணற்றடியும் தண்ணீர்த் தொட்டியும் ஓரத்துக்குப் போயின.

கொங்கு நாட்டின் கேள்வி

அப்பாசாமி 1950-ல் பேராயராக வந்த திருமண்டலம், லண்டன் மிஷன் 1830-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய பணியின் வாரிசு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் ஈரோட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் திரளாகச் சபைக்குள் வந்தார்கள். கொங்கு வேளாண்மையில் அவர்களில் பலர் பண்ணையாட்கள். முன்பணம் வாங்கி, அந்தக் கடனுக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள். அவர்களுக்குக் கடன் மன்னிப்பும் கூலியாளின் கதையும் எப்படி ஒலித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. மாணிக்கவாசகரின் உருக்கத்தோடு ஒப்பிடப்பட்ட யோவான் அதே அளவுக்கு அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது ஐயம்.

பக்தி மரபிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. சுந்தரர் முதலை விழுங்கிய பாலகனை மீட்டதாகப் போற்றப்படும் அவிநாசியும், அவர் வந்து வழிபட்ட பேரூரும் கொங்கு நாட்டில்தான் இருக்கின்றன. இறைவன் முன் அடியார் அனைவரும் ஒன்று என்று பக்தி பாடியது. நந்தனாரோ தீயில் புகுந்தே தில்லைக்குள் சேர முடிந்தது. பாடலில் கிடைத்த சமத்துவம் தெருவுக்கு வரவில்லை. ஆதிச் சபையின் வரலாறும் இதற்கு ஒப்பானது. கிறிஸ்துவுக்குள் அடிமையும் இல்லை, சுயாதீனனும் இல்லை என்ற கருத்தைக் கலாத்தியருக்கு எழுதிய பவுலே, ஓடிவந்த அடிமை ஒநேசிமுவை எஜமானர் பிலேமோனிடம் திருப்பி அனுப்புகிறார். சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்புகிறார். அடிமை முறை ஒழிய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. உள்ளே ஒருமை, வெளியே பழைய ஏற்பாடு. ஆதி இறையியலையும் பக்தியையும் இணைத்தபோது இரண்டுக்கும் பொதுவான இந்தக் குறையும் சேர்ந்தே வந்தது.

கோயம்புத்தூரில் இது புதிய கேள்வியும் அல்ல. அப்பாசாமிக்கு நூறு ஆண்டு முன்னர், 1850-ல் கோயம்புத்தூரின் முதல் கத்தோலிக்க அப்போஸ்தலிக்கப் பதிலாளாக நியமிக்கப்பட்ட மரியோன் பிரெசிலாக், நொபிலியின் காலம் முதல் தொடர்ந்துவந்த மலபார் சடங்குகள் பற்றிய சர்ச்சையில் சிக்கினார். சாதி வழக்கங்களில் எவ்வளவைச் சபைக்குள் விடலாம் என்பது அதன் உட்கேள்வி. மனச்சான்றுக்கு அமைதி கிடைக்காமல் 1855-ல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சபையைத் தொடங்கினார். மண்ணின் மரபைக் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவரும்போது எந்த மரபு, யாருடைய மரபு வருகிறது என்ற சிக்கலை அவர் நிர்வாகத்தில் சந்தித்தார். அப்பாசாமியின் நூல்களில் அது போதிய அளவு எழவில்லை. அவருக்கு இந்திய மரபு என்பது பெரும்பாலும் இராமானுஜரும் நாயன்மாரும் ஆழ்வாரும். அந்த மரபின் கோயில் வாசலுக்கு வெளியே நின்றவர்களே அவரது சபையில் பெரும்பங்கினர்.

அவரது சமகாலத்தவர்

அதே தலைமுறையில் வேறு வாசிப்புகளும் இருந்தன. புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா, சபையையும் பிரமாணத்தையும் தாண்டி இயேசு என்ற நேரடியான உண்மைக்குப் போக வேண்டும் என்றார். 1938-ல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது அவரும் வி. சக்கரையும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட 'இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்' இந்தப் போக்கின் அறிக்கை. சக்கரை அவதாரம் என்ற சொல்லைக் கொண்டே இயேசுவை விளக்கியவர். சென்னை மேயராகவும் அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரசின் தலைவராகவும் இருந்தவரும் அவரே. ஆலைத் தொழிலாளர் நிறைந்த கோயம்புத்தூருக்குச் சென்னைச் சக்கரை இன்னும் பொருத்தமான இறையியலாளராக இருந்திருப்பார் என்று தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

ஆனால் அப்பாசாமிக்கு நேர் எதிரில் வைக்கத்தக்கவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்தவர், அப்பாசாமிக்குச் சற்றே இளையவர். அவரும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் வந்து அமெரிக்காவில் பயின்றவர். சிறையில் எழுதி 1945-ல் வெளியான அவரது 'இயேசுவின் நடைமுறையும் போதனைகளும்' முற்றிலும் வேறு நூல்களிலிருந்து வேறு இயேசுவை எடுக்கிறது. அவருக்குச் சமயம் என்பது வாழும் முறை, உணவும் உடையும் உழைப்பும் அதில் அடங்கும். நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவரது புகழ்பெற்ற நூலும் அதே சிறைக்காலத்தில் உருவானது. குமரப்பாவிடம் இல்லாதது அப்பாசாமியிடம் உண்டு. ஜெபத்தின் ஆழம், துன்பத்தில் ஒருவர் பற்றிக்கொள்ளக்கூடிய நெருக்கமான கிறிஸ்து ஆகியவை குமரப்பாவின் பக்கங்களில் மங்கலாகவே தெரிகின்றன. செயலை மட்டும் பேசும் இயேசு விரைவில் ஒரு சீர்திருத்தவாதியாகச் சுருங்கிவிடுகிறார் என்பதற்கு அந்நூலின் சில பகுதிகள் சான்று. இருவரும் ஒருவரையொருவர் படித்து விவாதித்திருந்தால் தமிழ் இறையியல் வேறு வழியில் போயிருக்கும்.

பிறகு வந்தவர்கள்

1980-களுக்குப் பிறகு தலித் இறையியல் எழுந்தபோது, யோவானின் ஒன்றாதலைவிட மாற்குவும் லூக்காவும் காட்டும் உணவு மேசைகள் கவனத்துக்கு வந்தன. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் எழுதினார். கர்நாடக இசையையும் செவ்வியல் பக்தி மொழியையும் அவர் வேண்டுமென்றே விலக்கினார். ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்பதை அவர் தமது இறையியலின் மையமாக வைத்தார். சாதிகள் ஒன்றாக உண்ண மறுக்கும் ஊரில் அது திருவிருந்தைப் பற்றிய கேள்வியாகவும் இருந்தது. அப்பாசாமியும் திருவிருந்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் அவர் கேட்ட கேள்வி அப்பத்தில் இறைவன் எவ்வாறு உறைகிறார் என்பது. அப்பாவு கேட்டது அந்த அப்பத்தை யார் யாரோடு உட்கார்ந்து உண்கிறார்கள் என்பது.